ஹுவா ஹின்னில் பதினொரு மணிக்கு ஆபீஸ்

தாய்லாந்துக் கடற்கரை ஊரான ஹுவா ஹின்னில் கஃபேயில் உட்கார்ந்து நம் ஊர் ஆபீஸ் வேலையைப் பார்க்கலாமா என்று கேட்கிறவர்கள் எடுத்த எடுப்பில் வைஃபை வேகத்தைத்தான் விசாரிக்கிறார்கள். நான் கடிகாரத்திலிருந்து ஆரம்பிப்பேன். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். பெங்களூர் ஆபீஸுக்குக் காலை 9.30க்கு லாகின் என்றால் ஹுவா ஹின்னில் அப்போது மணி 11. இங்கே 6.30க்கு முடிகிற வேலை அங்கே ராத்திரி 8க்கு முடியும். அந்த ஊரில் சொந்தமாக நடத்துகிற சின்னக் கஃபேக்கள் பலவும் காலை எட்டு மணிவாக்கில் திறந்து, சாயங்காலம் ஐந்து ஆறுக்கெல்லாம் மூடிவிடும். ஆக, உங்கள் ஷிஃப்ட்டின் கடைசி இரண்டு மூன்று மணி நேரத்துக்குக் கஃபே கிடையாது. இதை யோசிக்காமல் ரூம் போட்டால், மேஜை நாற்காலி இல்லாத அறையில் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கோட் ரிவ்யூ பார்க்க வேண்டியதுதான்.

நான் மதுரை வில்லாபுரத்தில் வீட்டிலிருந்தபடியே சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறவள். குளிர்காலத்தில் கொஞ்ச நாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஹுவா ஹின்னுக்குப் போய்விடுவேன். பாங்காக்கிலிருந்து தெற்கே சுமார் 200 கிலோமீட்டர். சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்தே நேரடி பஸ் இருக்கிறது, பாங்காக் ஊருக்குள்ளிருந்து ரயிலும் உண்டு. ஃபுக்கெட், கிராபி மாதிரி ஆர்ப்பாட்டம் கிடையாது. பாங்காக் குடும்பங்கள் சனி ஞாயிறுக்கு வந்து போகிற ஊர். அதனால் வார நாளில் கஃபேயில் இடம் கிடைக்கும், சனிக்கிழமை கிடைக்காது. நமக்கு அது தோதாகத்தான் இருக்கிறது.

டிக்கெட் போடுவதற்கு முன்னால் மதுரையிலேயே ஒரு வாரம் ஒத்திகை பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நமக்குக் கடையில் உட்கார்ந்து பழக்கம் கிடையாது. டீயை நின்றபடியே குடித்துவிட்டு, கிளாஸை வைத்துவிட்டு நடையைக் கட்டுகிற ஊர் இது. கே.கே. நகரிலோ பைபாஸ் ரோட்டிலோ ஏசி போட்ட காபிக் கடை ஒன்றில், வாரநாள் மதியம் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வேலை பாருங்கள். எந்த வேலை அங்கே ஓடுகிறது, எது ஓடவில்லை என்று இரண்டே நாளில் தெரிந்துவிடும். எனக்கு டெஸ்ட் கேஸ் எழுதுவதும், மெயிலுக்குப் பதில் போடுவதும், பக் ரிப்போர்ட்டைத் திரும்பப் படிப்பதும் கஃபேயில் நன்றாக ஓடும். ரிலீஸ் நாளில் நடக்கிற சோதனையும், மேனேஜர் கேமராவைப் போடச் சொல்கிற மீட்டிங்கும் ஓடாது. தாய்லாந்து போனாலும் இந்தப் பட்டியல் மாறாது. கடையில் செய்கிற வேலை, ரூமில் செய்கிற வேலை என்று இங்கேயே பிரித்து வைத்துக்கொண்டு போனால் அங்கே அல்லாட வேண்டாம்.

ஹெட்செட்டையும் இங்கேயே சோதித்துவிடலாம். ஆடி மாதம் எங்கள் தெருவில் மைக் செட் கட்டினால் பெங்களூரில் இருக்கிறவர்களுக்கே அம்மன் பாட்டு கேட்கும். அந்தச் சத்தத்தை வடிகட்டி என் குரலை மட்டும் அனுப்புகிற ஹெட்செட்டுக்கு, கஃபேயில் பால் நுரைக்கிற மெஷின் சத்தம் ஒரு பொருட்டே இல்லை.

இப்போது அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று பார்ப்போம். காலை 11 மணி வரைக்கும் உங்கள் நேரம். கடலுக்குப் போகலாம், சந்தைக்குப் போகலாம், தூங்கலாம். பத்தரைக்கே கஃபேக்குப் போய்விடுங்கள். பன்னிரண்டு மணிக்கு உள்ளூர்க்காரர்கள் சாப்பாட்டுக்குக் கிளம்பி வருவதற்குள், சுவரோரமாக பிளக் இருக்கிற இரண்டு பேர் மேஜையைப் பிடித்துவிடலாம். தனியாளாக நான்கு பேர் மேஜையில் உட்காராதீர்கள். யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள், சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொள்வார்கள். அதனால்தான் நாமே பார்த்து நடந்துகொள்ள வேண்டும். ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று எதையாவது வாங்கிக்கொண்டே இருங்கள். ஒரு காபி 60 பாட்டிலிருந்து 90 பாட் வரை ஆகும். ஒரு பாட்டுக்கு இரண்டரை ரூபாய்க்கு மேல் வைத்துக் கணக்குப் பாருங்கள், ஒரு நாள் வாடகை என்னவென்று தெரியும்.

வைஃபை பாஸ்வேர்டு அநேகமாக பில்லிலேயே அச்சாகி வரும். உட்கார்ந்ததும் ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். டவுன்லோடு எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், அப்லோடைப் பாருங்கள். வீடியோ காலுக்கு அப்லோடு 3, 4 எம்பிபிஎஸ் நிலையாக வந்தால் போதும். பிறகு ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகிற விபிஎன்னைப் போட்டு இன்னொரு தடவை பாருங்கள். சில கடைகளில் அங்கேதான் இழுக்கும். அப்படி இழுத்தால் முதல் காபியோடு கிளம்பிவிடுவது நல்லது, கெஞ்சிக்கொண்டு உட்காராதீர்கள். கையில் ஏஐஎஸ் அல்லது ட்ரூ சிம் ஒன்று எப்போதும் இருக்கட்டும். பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் கொடுப்பார்கள். தினமும் நடக்கிற ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்கு நான் கடை வைஃபையை நம்புவதில்லை, போன் ஹாட்ஸ்பாட்தான்.

காபி அங்கே இனிப்பென்றால் அப்படியொரு இனிப்பு. கண்டென்ஸ்டு மில்க்கைத் தாராளமாக ஊற்றுவார்கள். 'வான் நொய்' என்றால் இனிப்பைக் குறைப்பார்கள், 'மை வான்' என்றால் இனிப்பே போட மாட்டார்கள். இந்த இரண்டையும் மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், மற்றதைக் கையைக் காட்டிச் சமாளிக்கலாம். சின்னக் கஃபேக்கள் நிரம்பி வழிந்தால் கஃபே அமேசான் எனும் கடை பிடிடி பெட்ரோல் பங்குகளில் எல்லாம் இருக்கும். அழகு பார்க்கிறவர்களுக்கு அது பிடிக்காது, வேலை பார்க்கிறவர்களுக்குப் பிடிக்கும். சாயங்காலம் கடைகள் மூடிய பிறகும் உட்கார இடம் வேண்டுமென்றால் பேட்காசெம் ரோட்டில் மார்க்கெட் வில்லேஜ், புளூபோர்ட் என்று இரண்டு மால்கள் இருக்கின்றன. ஏசி எல்லா இடத்திலும் எலும்பைத் துளைக்கும், ஒரு சால்வையைப் பையில் போட்டு வையுங்கள்.

நம் ஆபீஸில் ஒரு மணிக்கு மதியச் சாப்பாடு என்றால் அங்கே மணி இரண்டரை. கூட்டம் வடிந்திருக்கும், சில கடைகளில் சோறும் தீர்ந்திருக்கும். அதனால் பதினொரு மணிக்கு முன்னாலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். சைவக்காரர்கள் மஞ்சள் கொடியில் சிவப்பாக, தாய் எழுத்தில் 'ஜே' (เจ) என்று போட்ட கடையைத் தேடுங்கள். வேறு கடையில் வெறும் காய் பொரியல் என்று வாங்கினாலும் மீன் சாறு ஊற்றித்தான் வதக்கியிருப்பார்கள். ஜே கடையில் பூண்டு வெங்காயமும் கிடையாது.

கடற்கரையில் லேப்டாப்பைத் திறக்காதீர்கள். படம் எடுத்துப் போடுவதற்கு வேண்டுமானால் சரி. வெயிலில் திரை தெரியாது, மணல் கீபோர்டுக்குள் போகும், உப்புக் காற்று சார்ஜர் முனையை அரிக்கும். ஈரக் கையோடு கடலிலிருந்து வந்து லேப்டாப்பைத் தொடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும்.

நம் ஊர் லேப்டாப் சார்ஜரின் பெரிய உருண்டை மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. இரண்டு முள் போன் சார்ஜர் நுழையும். ஒரு அடாப்டரை டவுன்ஹால் ரோட்டிலேயே வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் எடுத்துப் போனால் எல்லா சார்ஜருக்கும் அந்த ஒரு அடாப்டரே போதும். பேங்க் ஓடிபி வருவதற்காக இந்திய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வையுங்கள். கையில் கொஞ்சம் ரொக்கமும் வேண்டும். வெளிநாட்டுக் கார்டுக்கு அங்கத்திய ஏடிஎம்கள் ஒவ்வொரு தடவையும் இருநூறு பாட்டுக்கு மேல் கட்டணமாகப் பிடிக்கும், அதனால் சில்லறை சில்லறையாக எடுக்கக் கூடாது.

லேப்டாப்பை மேஜையில் விட்டுவிட்டு பாத்ரூம் போகலாமா என்றால், அங்கே நிறையப் பேர் போகிறார்கள். நான் தூக்கிக்கொண்டுதான் போவேன். பொருள் என்னுடையதில்லை, கம்பெனியுடையது.

கம்பெனி என்றதும் ஞாபகம் வருகிறது. வெளிநாட்டிலிருந்து லாகின் செய்யலாமா என்று எச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். சொல்லாமல் போய் விபிஎன்னில் மறைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்கள் உங்களுக்கு வேறு வேலை வாங்கித் தர மாட்டார்கள். விசா விஷயத்தில், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமல் 60 நாள் என்கிற சலுகை 2024 ஜூலையில் வந்தது. இந்த விதிகள் அடிக்கடி மாறும், அதனால் டிக்கெட் போடுகிற அன்றைக்கு அது இன்னும் இருக்கிறதா என்று தாய்லாந்துத் தூதரகத்தின் இணையப் பக்கத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அது சுற்றுலாவுக்கான சலுகை. ரிமோட் வேலை பார்க்கிறவர்களுக்கும் பொருந்துகிற டிடிவி (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) என்ற விசாவையும் அதே 2024 ஜூலையில் கொண்டுவந்தார்கள். ஐந்து வருடம் செல்லும், ஒரு தடவை போனால் 180 நாள் தங்கலாம், கையிருப்பாக 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். நம் கணக்கில் பன்னிரண்டு லட்ச ரூபாய்க்கு மேல், எல்லோருக்கும் முடியாது. எந்த வழியில் போனாலும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, பணம் கேட்கிற தளம் அரசாங்கத்துடையது அல்ல. ஒரே காலண்டர் வருடத்தில் 180 நாள் அங்கே இருந்துவிட்டால் வரிக் கணக்கில் நீங்கள் அந்த ஊர்க்காரராகிவிடுவீர்கள், அதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

போகிற மாதம் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் இருந்தால் நல்லது. ஹுவா ஹின் தாய்லாந்து வளைகுடாப் பக்கம் இருக்கிற ஊர், அக்டோபர் நவம்பரில்தான் அங்கே நல்ல மழை. ஏப்ரலில் போகிறவர்கள் 13, 14, 15 தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது சொங்கிரான், தாய்லாந்தின் புத்தாண்டுப் பண்டிகை. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்குத் தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுவார்களே, அதை ஊரே மூன்று நாளைக்குச் செய்வது மாதிரி இருக்கும். தெருவில் வருகிறவர் கையில் லேப்டாப் பை இருக்கிறதா என்றெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த நாட்களில் லேப்டாப் ரூமைவிட்டு வெளியே வரக் கூடாது, முடிந்தால் லீவே போட்டுவிடுங்கள். 14ஆம் தேதி பெங்களூரிலும் அம்பேத்கர் ஜெயந்திக்கு அரசு விடுமுறை, உங்கள் ஆபீஸும் அன்றைக்கு லீவு விடுகிறதென்றால் மேனேஜரிடம் மிச்சத்தை மட்டும் கேட்டால் போதும்.