கப்பல் புகையை அளந்துவிட்டு துருவக் காற்று என்று சொல்லாதீர்கள்

கடலூர் முதுநகரில் விசைப்படகு ஏறியவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிர்காற்றில் போகும்போது அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நின்றால் சுத்தமான காற்று. அதே படகு காற்றோடு ஓடினால் டீசல் புகை கூடவே வந்து மூக்கில் ஏறும். அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலுக்குப் போகும் ஆய்வுக் கப்பலிலும் இதே கதைதான். மூக்கு இருந்த இடத்தில் துகள் எண்ணி, அதாவது காற்றில் மிதக்கும் நுண்துகள்களை எண்ணும் கருவி, இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அது முகம் சுளிக்காது. வந்ததையெல்லாம் எண்ணி எழுதிவிடும்.

2004-இல் தொடங்கிய இந்தியத் தென்பெருங்கடல் பயணங்களை கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. புதுச்சேரியிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் போக ஆசைப்படும் மாணவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் குளிரைப் பற்றித்தான். குளிருக்கு உடுப்பு இருக்கிறது. தரவைக் கெடுக்கிற சங்கதிகளுக்குத்தான் முன்கூட்டியே தயாராக வேண்டும்.

அங்கே ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் பெரும்பாலும் சில நூறு துகள்கள்தான். மேகத்துளிக்கு விதையாவது இவற்றில் ஒரு பங்கு என்பதால்தான் இவ்வளவு மெனக்கெடல். நம் கப்பலின் புகை வீசினால் அந்த எண்ணிக்கை நொடிகளில் பல ஆயிரமாகிவிடும். ஒரு கணக்கு பாருங்கள்: ஒரு மணி நேரத்தில் 57 நிமிடம் 300, மூன்றே நிமிடம் புகை, அப்போது 20,000. சராசரி 1,285! அந்த மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூட அந்த எண் கடல்மேல் இருந்ததில்லை. எண்களை வரிசைப்படுத்தி நடுவில் வரும் நடுமதிப்பை எடுத்தால் 300 கிடைக்கும். ஆனால் நடுமதிப்பை நம்பிப் புகை பட்ட தரவை வடிகட்டாமல் விடுவதும் சோம்பேறித்தனம்தான். புகை நேரம் பாதியைத் தாண்டினால் அதுவும் கைவிட்டுவிடும்.

கப்பலுக்குச் சார்பான காற்றின் திசையை மட்டும் பார்த்து வடிகட்டுவது அடுத்த தவறு. வேகத்தையும் பாருங்கள். கப்பல் 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்தில் போக, பின்னாலிருந்து 10 நாட் காற்று வீசினால், கப்பலில் நிற்பவருக்குக் காற்றே இல்லை. புகை தலைக்கு மேல் குடைபிடித்து நிற்கும். நீர் மாதிரி எடுக்கக் கப்பலை நிறுத்தும்போதும் இந்தக் கஷ்டம் உண்டு. பக்கத்தில் புகைக்கரியை அளக்கும் ஒரு கருங்கரி அளவியும் ஓடட்டும். துகளும் கரியும் ஒன்றாக எகிறினால் அது எஞ்சின். சமையலறைப் புகை, அணியத்தில் ஒதுங்கி சிகரெட் பிடிக்கும் புண்ணியவான் எல்லாம் தனிக் கணக்கு. நோட்டில் நேரத்தோடு எழுதி வையுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. எகிறுவதையெல்லாம் வெட்டி எறிவது. கடல் நுண்பாசிகளிலிருந்து கிளம்பும் கந்தக வாயுக்களால் புதுத் துகள்கள் பிறப்பது துருவக் காற்றில் நிஜமாகவே நடக்கிறது. அது புகைபோல ஊசிமுனையாக ஏறி இறங்காது. மணிக்கணக்கில் மெல்ல ஏறும், துகள்களின் அளவும் கூடவே வளரும்.

ஈரப்பதத்தில் நான் பட்டது தனி. புதுச்சேரியில் ஏசி அறையில் கருவியை வைத்து ஒத்திகை பார்த்தோம். ஆகஸ்ட் மாதக் கடற்காற்று, கடைத்தெருவில் வாங்கிய கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய். அரை மணியில் குழாயின் உள்சுவரில் முத்து முத்தாகத் தண்ணீர். ஒரு சொட்டு உருண்டு கருவியை நோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே ஓடிப்போய் பம்பை நிறுத்தினேன். துருவத்தில் நடப்பது தலைகீழ். -10 டிகிரி காற்று முழு ஈரத்தோடு இருந்தாலும், 20 டிகிரி அறைக்குள் வந்ததும் ஈரப்பதம் 12 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். வெளியே பருத்திருந்த உப்புத் துகள் உள்ளே சுருங்கிப்போகும். அதனால் வெளி ஈரப்பதத்தை மட்டும் குறித்து வைத்துப் பயனில்லை. குழாய்க்குள்ளும் ஒரு உணரி வேண்டும். 40 சதவீதத்துக்குக் கீழே உலர்த்தி அளப்பதுதான் பொது வழக்கம்.

அந்த பிளாஸ்டிக் குழாயே தவறுதான். நிலைமின்சாரம் துகள்களைச் சுவரில் ஒட்டவைத்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது செம்பு போடுங்கள், வளைய வேண்டிய இடத்தில் மின்கடத்தும் கருப்பு சிலிக்கோன் குழாய். நீளம் கூடினால் மிகச் சிறிய துகள்கள் சுவரில் சேரும். முடுக்குத் திருப்பத்தில் பெரியவை மோதி நிற்கும்.

பியூட்டனால் என்ற ஆல்கஹாலை ஊற்றிய துகள் எண்ணியைச் சரிவாகத் தூக்கிப் போகாதீர்கள், ஒளிப்பகுதிக்குள் திரவம் ஏறிவிடும். தினமும், துகள்களைப் பிடித்து நிறுத்தும் ஹெப்பா வடிகட்டியை இன்லெட்டில் மாட்டிப் பாருங்கள். பூஜ்ஜியம் வராவிட்டால் எங்கோ கசிவு. நீங்கள் அளப்பது அறைக் காற்று. கையடக்க பிஎம் 2.5 உணரியை நம்பிப் போவதும் வீண். சுமார் 0.3 மைக்ரோமீட்டருக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. அங்குள்ள துகள்களில் பெரும்பாலானவை அதைவிடச் சிறியவை.

கடிகாரம்: எல்லாக் கருவியும் ஜிபிஎஸ் காட்டும் உலக நேரத்தில் ஓடட்டும். ஒரு லேப்டாப் மட்டும் இந்திய நேரத்தில் நின்றுவிட்டால் ஐந்தரை மணி நேரப் பிசகு. 10 நாட் வேகத்தில் அது 55 கடல் மைல், அதாவது நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காற்று.

கடைசியாக, காற்றிலுள்ள துகள்களைப் பிடித்துச் சேர்க்கும் வடிதாள். பம்ப் ஓடாமல், மற்றதெல்லாம் அப்படியே செய்து, ஒரு வெற்று வடிதாளையும் மாட்டிக் கழற்றி வையுங்கள். எங்கள் குழுவில் ஒருமுறை அந்த வெற்றுத் தாளிலேயே சோடியமும் குளோரைடும் ஏகத்துக்கு வந்தன. கையுறையைக் கழற்றிவிட்டு டப்பாவைத் திறந்த ஒருவரின் விரல் வியர்வை அது.