டொச் பேசி வளரும் பிள்ளைக்கு ஆங்கிலம்: எங்கே தொடங்குவது?

ஜேர்மனியிலோ சுவிஸிலோ டொச் என்னும் ஜேர்மன் மொழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் பாதி தெரிந்த மொழிதான். வீட்டுக்கு இரண்டிலும் ‘ஹவுஸ்’, விரலுக்கு இரண்டிலும் ‘ஃபிங்கர்’. சிக்கலும் அங்கேதான் பிறக்கிறது. தெரியாத சொல்லைக் கண்டால் பிள்ளை நின்று கேட்கும். தெரிந்தது போலத் தோன்றும் சொல்லைக் கேட்காமலே தப்பாகப் பயன்படுத்தும்.

படி 1: ஏமாற்றும் சொற்களுக்கு ஒரு கொப்பி

முதலில் பத்துச் சொல் போதும். ‘பெக்கொம்மன்’ டொச்சில் கிடைத்தல்; ஆங்கில ‘பிகம்’ ஆகுதல். உணவகத்தில் ‘ஐ பிகம் எ ஸ்டேக்’ என்றால், நானே இறைச்சித் துண்டாகிறேன் என்று பொருள். ‘கிஃப்ட்’ டொச்சில் நஞ்சு. ‘ஷெஃப்’ டொச்சில் மேலதிகாரி, ஆங்கிலத்தில் தலைமைச் சமையல்காரர். ‘வேர்’ டொச்சில் யார், ஆங்கிலத்தில் எங்கே. சொல்லையும் பொருளையும் மட்டும் எழுதினால் நிற்காது. ஒவ்வொன்றுக்கும் பிள்ளை தானே ஒரு வாக்கியம் எழுதட்டும்.

ஒரு பொருளை நீட்டும்போது டொச்சில் ‘பிட்டெ’ என்பார்கள். அதே இடத்தில் ஆங்கிலத்தில் ‘ப்ளீஸ்’ சொல்லக்கூடாது. ‘ஹியர் யூ ஆர்’ என்பதே வழக்கம்.

படி 2: மணியும் எண்ணும்

டொச்சில் ‘ஹால்ப் ஸீபன்’ (அரை ஏழு) என்றால் 6.30. பிரித்தானியர் ‘ஹாஃப் செவன்’ என்றால் 7.30. சந்திப்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நிற்க வேண்டிவரும். ‘சிக்ஸ் தேர்ட்டி’ என்றே சொல்லப் பழக்குங்கள், குழப்பமே இல்லை.

டொச்சில் 47ஐ ‘ஏழும் நாற்பதும்’ என்ற வரிசையில் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்தில் கேட்கும் தொலைபேசி எண் 74 ஆகிவிடும். எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லி எழுதவையுங்கள். எழுத்திலும் கவனம் தேவை: ஜேர்மனியில் 1.500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு. ஆங்கிலத்தில் அது ஒன்றரை.

படி 3: ‘சின்ஸ்’, ‘ஃபோர்’

‘ஐ லிவ் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்பது டொச் வாக்கியத்துக்கு ஆங்கிலச் சட்டை போட்டது. ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபோர் ஃபைவ் இயர்ஸ்’ என்பதே சரி. எவ்வளவு காலமாக என்ற கேள்விக்கு ‘ஃபோர்’. எப்போதிலிருந்து என்றால் ‘சின்ஸ்’. இரண்டிலும் ‘ஹேவ்’ வரவேண்டும். தமிழிலும் நாம் ‘ஐந்து வருடமாக இருக்கிறேன்’ என்று நிகழ்காலத்தில்தான் சொல்கிறோம். அதனால் இந்தப் பிழை பெற்றோர் காதுக்குப் பிழையாகவே படாது.

படி 4: வாய்

டொச்சில் ‘டபிள்யூ’ எழுத்துக்கு நம் ‘வ’ ஒலிதான். ஆங்கிலத்தில் அதற்கு ‘ஊ’ சொல்வதுபோல உதட்டைக் குவிக்க வேண்டும். ‘வீ’ எழுத்துக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். தமிழிலும் ஒரே ‘வ’ என்பதால் நாம் நடுவர் வேலை பார்க்காமல் அகராதிச் செயலியின் ஒலியைக் கேட்கவிடுவதே நல்லது.

சொல்லின் கடைசி ஒலியை டொச் கடினமாக்கிவிடும். அதனால் பை என்பதற்கான ஆங்கிலச் சொல் (bag) முதுகுக்கான சொல்லாகக் (back) கேட்கும். பையைச் சொல்லும்போது நடுவிலுள்ள உயிரொலியைச் சற்று நீட்டச் சொல்லுங்கள். பாதிப் பிழை அதிலேயே போய்விடும்.

படி 5: வாசிப்பு

இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஆர்வத்தில் தடித்த நாவல் வாங்கி, மூன்றாம் பக்கத்தோடு மூடிவிடுவார்கள். ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஐந்துக்கு மேல் வந்தால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்.

செலவில்லாத தொடக்கம், எளிய ஆங்கில விக்கிப்பீடியா. பிள்ளைக்கு நன்கு தெரிந்த விடயத்தைத் தேடுங்கள்: பிடித்த கால்பந்துக் கழகம், சொந்த நகரம், டைனோசர். விடயம் தெரிந்திருந்தால் சொல்லை ஊகிக்கலாம். அடுத்து, படிநிலைக் கதைப் புத்தகங்கள். ஒக்ஸ்ஃபோர்ட் புக்வேர்ம்ஸ் வரிசையில் முதல் நிலைக்கு 400 தலைச்சொல் (அகராதியில் தனிப் பதிவாக வரும் அடிப்படைச் சொல்), இரண்டாம் நிலைக்கு 700.

தினமும் பத்து நிமிடம். வாசிக்கும்போது அகராதி வேண்டாம், பென்சிலால் கோடு போடுவது போதும். பக்கம் முடிந்தபின் மூன்று சொல்லுக்கு மட்டும் பொருள் பார்க்கட்டும். ஒருபக்கம் ஆங்கிலம், மறுபக்கம் டொச் என அச்சிட்ட புத்தகமென்றால் டொச் பக்கத்தைத் தாளால் மூடிவையுங்கள். இல்லாவிட்டால் கண் அங்கேதான் ஓடும்.

ரெக்லாம் பதிப்பகத்தின் சிவப்பு அட்டைப் புத்தகங்களில் ஆங்கில மூலமும், அடியில் கடினச் சொற்களுக்கு டொச் விளக்கமும் இருக்கும். மலிவுதான், ஆனால் பி1 நிலை (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் ஆறு படிகளில் மூன்றாவது) எட்டும்வரை அவற்றை வாங்க வேண்டாம்.