போனில் படிக்கையில் நாம் விடும் பிழைகள்

400 மீற்றர் சுற்றுப் பாதையை ஒருவன் 80 செக்கனில் ஓடி முடித்து, புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்கிறான். அவனுடைய சராசரி வேகம் என்ன?

இலங்கையின் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் நான் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கும் 10ஆம் தரப் பையன் ஒருவன், யோசிக்காமல் செக்கனுக்கு 5 மீற்றர் என்று எழுதினான். வகுத்ததில் பிழையில்லை. ஆனால் விடை பூச்சியம். "யூரியூப்பில இப்பிடித்தானே சேர் செய்தவர்" என்று போனை நீட்டினான். வாங்கிப் பார்த்தேன். தமிழ்நாட்டு ஆசிரியர், அருமையாக விளக்குகிறார். அங்கே வேகம் என்பது நம்முடைய கதி, அதாவது ஓடிய தூரத்தை நேரத்தால் வகுத்து வருவது. நம் பாடநூல் வேகம் என்று சொல்வது இடப்பெயர்ச்சியை, அதாவது தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடத்துக்கு நேராக உள்ள தூரத்தைத் திசையோடு எடுத்து, நேரத்தால் வகுத்து வருவது; அதற்கு அங்கே திசைவேகம் என்று பெயர். புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் இடப்பெயர்ச்சி பூச்சியம், ஆகவே நம் வேகமும் பூச்சியம். அவரும் சரி, பாடநூலும் சரி. புள்ளி போனது பையனுக்கு.

தமிழில் இருக்கிறது என்பதற்காக அது நம் பாடத்திட்டத்துக்குப் பொருந்தும் என்று நினைப்பதுதான் இன்று மட்டக்களப்புப் பிள்ளைகளிடம் நான் அதிகம் காணும் பிழை. நம் ஆர்முடுகல் அங்கே முடுக்கம். ஒளித்தொகுப்பு ஒளிச்சேர்க்கை ஆகிறது, கலம் செல் ஆகிறது, இழையம் திசு ஆகிறது, ஒட்சிசன் ஆக்சிஜன் ஆகிறது. இவற்றால் பெரிய ஆபத்தில்லை, சொல் வேறு என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தரும்போதுதான் கால் இடறுகிறது. அதற்காக அந்தக் காணொளிகளைப் பார்க்காதே என்று நான் சொல்லமாட்டேன். நல்ல ஆசிரியர் எந்த ஊரில் இருந்தால் என்ன? பாடநூலைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு பார்க்கவேண்டும், அவ்வளவுதான். கொப்பியின் பின்பக்கத்தில் கோடு கிழித்து, ஒரு பக்கம் அவர்கள் சொல், மறுபக்கம் நம் சொல் என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். பாடநூல் கிழிந்துபோனாலும் கவலையில்லை, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

கேட்ட கேள்விக்கு விடை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவான சட்ஜிபிடியிலும் இதே சங்கதிதான். 2022 நவம்பரில் வெளிவந்த அது இப்போது வயல்வெளிக் கிராமத்துப் பிள்ளையின் கையிலும் இருக்கிறது. நான் கேட்டுப் பார்த்தபோதெல்லாம் தமிழ்நாட்டுச் சொற்களையும் நம் சொற்களையும் கலந்து குழைத்துத்தான் தந்தது. அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதும் இயந்திரம் அது. தெரியாத இடத்திலும் தெரிந்த குரலிலேயே பேசும். வீட்டுவேலைக் கேள்வியைப் படம் பிடித்துக் கொடுத்து, வந்த விடையை அப்படியே கொப்பியில் இறக்கும் பிள்ளைக்கு இது எங்கே தெரியப்போகிறது? மாற்றிச் செய்து பாருங்கள். பாடநூலின் ஒரு பந்தியைக் கொடுத்து, "இதிலுள்ள சொற்களை மட்டும் வைத்து என்னிடம் ஐந்து கேள்வி கேள்" என்று சொல்லுங்கள். விடையைப் பிள்ளை எழுதட்டும், திருத்துவதற்குப் பாடநூல் இருக்கிறது.

திரும்பத் திரும்பப் பார்த்தால் மனதில் நின்றுவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பந்தியை மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு கிழமை கழித்து வைத்தபோது, பந்தியைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். காணொளி முடிந்ததும் அடுத்ததைத் தட்டாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுதிப் பார்க்கவேண்டும் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

சரி, பிள்ளைகளை மட்டும் சொல்லி என்ன பயன், ஆசிரியர்களாகிய நாமும் சளைத்தவர்கள் இல்லை. வினாத்தாளைப் பாமினியில் அடித்து, வேர்ட் கோப்பாகவே வட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் வரைந்துவைத்த எழுத்துரு. அது இல்லாத போனில் திறந்தால் தமிழே தெரியாது, ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கொட்டிக் கிடக்கும். பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பினால் வாசிக்கலாம். எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறிமுறையான யுனிகோடில் அடித்தால் தேடவும் பிரதி எடுக்கவும்கூட முடியும். பழகிய விரலுக்குச் சிரமம்தான், எனக்கே இரண்டு மாதம் பிடித்தது.

பெற்றோர் சிலர் டப் என்ற தொடுதிரைக் கணினியை வாங்கிக் கொடுத்ததோடு பொறுப்பு முடிந்தது என்று இருக்கிறார்கள். பெரு நாட்டு அரசு பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் மடிகணினி கொடுத்தது. 2012இல் வெளியான மதிப்பீட்டில் கணிதத்திலோ மொழியிலோ முன்னேற்றம் தெரியவில்லை.

எங்கள் பக்கம் பல வீடுகளில் இருப்பதே ஒரு போன்தான். அது அப்பாவோடு வயலுக்கோ வாவிக்கோ போய்விடும். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடிய நாட்களிலேயே இது தெரிந்துவிட்டது. ஆனாலும் காலை பத்து மணிக்கு ஸூம் வகுப்பு வைத்துவிட்டு, பிள்ளைகள் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். வந்த பிள்ளைக்கும் முகம் காட்டுவதிலேயே பாதி டேட்டா தீர்ந்துவிடும். நான் இப்போது பத்து நிமிடக் குரல் பதிவோடு கரும்பலகைப் படம் ஒன்றைச் சேர்த்து, இரவு ஏழு மணிக்குப் பிறகு அனுப்புகிறேன். அப்பா வீடு திரும்பி, போன் பிள்ளையின் கைக்கு வந்திருக்கும் நேரம் அது.