ஸ்கேன் பண்ண பேப்பரை கருப்பு வெள்ளை டிஃப்பா மாத்தின என் அனுபவம்

வீட்ல இருந்த பழைய பேப்பர் எல்லாத்தையும் 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) கலர்ல ஸ்கேன் பண்ணி வச்சிருந்தேன், ஒரு ஏ4 பக்கம் கம்ப்ரெஸ் பண்ணாம கிட்டத்தட்ட 26 எம்பி வருது, அதே பக்கத்த பிக்சலுக்கு ஒரு பிட்னு கருப்பு வெள்ளையா மாத்தினா 1 எம்பி சொச்சம்தான். அதுக்கு மேல டிஃப் (TIFF, படத்த சேமிக்கற ஒரு ஃபைல் வகை) ஃபைல்ல க்ரூப் 4 கம்ப்ரெஷன் போட்டா இன்னும் நல்லா சுருங்கும், ஃபேக்ஸுக்காக வந்த முறை அது, ஒரு பிக்சல் கூட இழக்காது.

ஆனா எனக்கு ஃபைல் சுருங்கவே இல்ல! ரெண்டு நாள் மண்டைய உடைச்சிட்டு கடைசில ஜூம் பண்ணி பாத்தா பக்கம் முழுக்க பொடிப்பொடியா புள்ளி. படத்த மாத்தற சாஃப்ட்வேரான இமேஜ்மேஜிக்ல மோனோக்ரோம் ஆப்ஷன் போட்டிருந்தேன், அது சாம்பல் நிறத்த காட்டறதுக்காக டிதரிங் பண்ணிடுது, அதாவது கருப்பு வெள்ளை புள்ளிய கலந்து தூவிடுது. க்ரூப் 4 மேல் வரிசையோட ஒப்பிட்டு நிறம் எங்க மாறுதுன்னு மட்டும்தான் எழுதும், புள்ளி புள்ளியா இருந்தா அதுக்கு சுருக்க என்ன இருக்கு சொல்லுங்க. அந்த ஆப்ஷன எடுத்துட்டு திரெஷோல்ட் 60% போட்டேன் (60% வெளிச்சத்துக்கு மேல இருந்தா வெள்ளை, இல்லன்னா கருப்பு), உடனே சரியாச்சு, எழுத்தும் கூர்மையா வந்துச்சு. கோணலா இருந்த பக்கத்த மாத்தறதுக்கு முன்னாடியே நேராக்கிடுங்க.

பென்சில் எழுத்து, மங்கின முத்திரை இருக்கற பக்கத்துக்கு மட்டும் இத செய்யாதீங்க, அழிஞ்சே போயிடும், அதுங்கள நான் கிரேஸ்கேல்லயே வச்சிட்டேன்.