டயர் இன்ஃப்ளேட்டர் வாங்கும்போது எங்கே ஏமாறுகிறோம்?

போன கோடையில், டயருக்குக் காற்றடிக்கும் சின்ன மின் பம்பான ஒரு டயர் இன்ஃப்ளேட்டர் வாங்கினேன். விலை 1,500 ரூபாய்க்குள். காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் சொருகி, 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) என்று வைத்து, பட்டனை அமுக்கினால் கடகடவென்று ஓடி, 33 வந்ததும் தானே நின்றுவிடும். இனி பங்க்கில் காற்றுக்கு வரிசையில் நிற்க வேண்டாம் என்று ஒரே சந்தோஷம். ஒரு மாதம் கழித்து அடுத்த தெருவில் இருக்கும் வீல் அலைன்மென்ட் கடைக்குப் போனேன். அங்கிருந்த பையன் காற்றழுத்தம் காட்டும் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன சார், நாலுலயும் 28தான் இருக்கு, காத்தே அடிக்கிறதில்லையா?" என்றான். அன்று காலையில்தான் அடித்திருந்தேன்.

இந்தச் சாமானில் இரண்டு பொருள் இருக்கின்றன: ஒன்று பம்ப், இன்னொன்று கேஜ். பம்ப் மட்டமாக இருந்தால் கூடுதலாக ஐந்து நிமிடம் நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கேஜ் மட்டமாக இருந்தாலோ நமக்குத் தெரியவே தெரியாது. டயரின் இரண்டு ஓரமும் தேய்ந்த பிறகுதான் தெரியும். ஆனால் வாங்கும்போது நாம் எல்லோரும் பார்ப்பது பம்பை மட்டும்தான்.

பெட்டியில் பெரிய எழுத்தில் 150 பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கும். சாதாரண கார்களுக்கு வேண்டியது 30 முதல் 36 வரை. 150 என்பது பம்ப் மூச்சு முட்டி நிற்கும் எல்லை. எவ்வளவு வேகமாக நிரப்பும் என்று அது சொல்லாது. முள் வைத்த மாடல்களில் இந்த 150 நமக்கு எதிராகவே வேலை செய்யும். முள் கேஜின் பிழையை வழக்கமாக முழு அளவில் இத்தனை சதவீதம் என்றுதான் குறிப்பார்கள். 3 சதவீதம் என்றால் 150-க்கு நாலரை. நீங்கள் 30 வைக்கும்போதும் அதே நாலரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகலாம். 60 வரை மட்டும் காட்டும் கேஜில் அதே 3 சதவீதம் 1.8 தான். ஐரோப்பாவின் இ.என். 12645 தரநிலை, 4 பார் (அங்கே வழங்கும் அழுத்த அலகு) வரைக்கும் 0.08 பார் பிழையைத்தான் அனுமதிக்கிறது. நம் கணக்கில் அது ஒரு பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேல்.

சரி, டிஜிட்டல் வாங்கிவிட்டால் தொல்லை இல்லை என்று நினைத்துத்தான் நான் மாட்டினேன். 32.5 என்று புள்ளி வைத்துக் காட்டுவதால் சரியாக அளக்கிறது என்று ஆகாது. ஐந்து கிராம் வித்தியாசத்தைக்கூடக் காட்டும் டிஜிட்டல் தராசிலேயே நூறு கிராம் குறைத்து நிறுக்கும் காய்கறிக் கடைக்காரரை நாம் பார்த்ததில்லையா? தானாக நிற்கும் வசதியும் அதே சென்சாரை நம்பித்தான் நிற்கிறது. அது தப்பாக அளந்தால், தப்பான இடத்தில் மிகச் சரியாக நிற்கும்.

மோட்டார் ஓடும்போது தெரியும் எண்ணையும் நம்பக் கூடாது. கேஜ் இருப்பது பம்பின் பக்கம். ஒல்லியான குழாய் வழியே காற்றைத் தள்ளும்போது அங்கே அழுத்தம் டயரில் இருப்பதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். நிறுத்தியதும் எண் ஒன்றிரண்டு இறங்கி நின்றுவிட்டால் அது இயல்பு. நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் வால்வில் மாட்டும் முனை கசிகிறது என்று அர்த்தம்.

அப்புறம், ஆன்லைன் விமர்சனங்களில் சோதித்துப் பார்க்காமலே ஐந்து நட்சத்திரம் கொடுப்பது. பெட்டியைப் பிரித்த அன்றே எழுதிய பாராட்டில், ஓடியது, நின்றது என்பதற்கு மேல் என்ன தெரிந்துவிடும்? திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் நீங்களே பார்த்துவிடுங்கள். சில நூறு ரூபாய்க்குத் தனியாக ஒரு டயர் கேஜ் கிடைக்கும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல், நல்ல டயர் கடையின் கேஜோடு ஒரு முறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பிறகு காலையில், வண்டியை எடுக்கும் முன், ஸ்டெப்னியில் 20, 30, 40 என்று மூன்று இடங்களில் பம்பையும் உங்கள் தனிக் கேஜையும் வைத்துப் பாருங்கள். ஓடிய டயரில் பார்த்தால் சூடு குறுக்கே வரும். 10 டிகிரி ஏறினாலே இரண்டு பி.எஸ்.ஐ. போலக் கூடிவிடும். ஸ்கூட்டர் டயரும் வேண்டாம். அது சின்னது, ஒவ்வொரு முறை மாட்டிக் கழற்றும்போதும் போகும் துளிக் காற்றே கணக்கைக் கலைத்துவிடும்.

இதில் பார்க்க வேண்டியது எவ்வளவு பிழை என்பதைவிட, பிழை ஒரே மாதிரி இருக்கிறதா என்பது. எப்போதும் மூன்று கூட்டிக் காட்டும் கருவியோடு குடித்தனம் நடத்திவிடலாம். ஒரே டயரில் அடுத்தடுத்து ஐந்து முறை மாட்டினால் 31, 34, 30 என்று குதிக்கும் கருவியை அன்றே திருப்பி அனுப்புங்கள். முள் பூஜ்யத்தில் நிற்கிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள். பல கேஜ்களில் பூஜ்யத்தில் ஒரு சின்ன ஆணி முள்ளைத் தடுத்து நிறுத்தியிருக்கும். உள்ளே எவ்வளவு விலகியிருந்தாலும் வெளியே தெரியாது.

வேகத்தையும் வீட்டிலேயே கணக்குப் போடலாம். சின்னக் கார் டயருக்குள் ஏறத்தாழ 25 முதல் 30 லிட்டர் இடம் இருக்கும். அதில் 10 பி.எஸ்.ஐ. கூட்ட ஏறக்குறைய 20 லிட்டர் காற்று உள்ளே போக வேண்டும். ஒரு நிமிடத்தில் முடிந்தால் நிமிடத்துக்கு 20 லிட்டர். பெட்டியில் 35 லிட்டர் என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் எதிர் அழுத்தமே இல்லாமல் வெறும் காற்றில் ஊதியபோது எடுத்த எண்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரின் சாக்கெட்டில் 120 வாட் என்று எழுதியிருந்தால் அது 10 ஆம்பியர் வரைதான். 15 ஆம்பியர் இழுக்கும் பம்பை அதில் சொருகினால் ஃபியூஸ் போகும். எத்தனை நிமிடம் ஓடவிட்டு எத்தனை நிமிடம் ஆறவிட வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் நான் வாங்கமாட்டேன். பேட்டரி மாடல்களில் 6,000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் அவர்) என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், பேட்டரியில் மொத்தம் எவ்வளவு ஆற்றல் என்று சொல்லும் வாட் அவர் எத்தனை என்று பாருங்கள். 2,000 கொள்ளளவுள்ள மூன்று செல்களைக் கூட்டி 6,000 என்று எழுதுவதும் உண்டு. பேட்டரி மாடலை மே மாத வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைத்தால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும்.

எத்தனை அடிக்க வேண்டும் என்பதை டயரின் பக்கவாட்டில் தேடுபவர்களும் இருக்கிறார்கள். அங்கே இருப்பது டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் வண்டிக்கான அளவு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும்.

என் பம்பை நான் திருப்பிக் கொடுக்கவில்லை, கெடு எப்போதோ தாண்டிவிட்டது. ஸ்டெப்னியில் வைத்துப் பார்த்ததில் மூன்று இடத்திலும் அதே ஐந்துதான் கூடுதலாகக் காட்டியது. இப்போது அதன் முதுகில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: "33 வேண்டுமா? 38 வை."