போலித் தங்க, வெள்ளி நாணயங்கள்: சோதித்தும் ஏமாறுவது எப்படி?

சென்னையில் அட்சய திருதியைக்கு நகைக்கடையில் பில்லுடன் வாங்கும் காசைவிட, தெரிந்தவர் வழியாகக் கைமாறி வரும் பழைய பவுன் காசும் வெள்ளி ரூபாயுமே அதிக கவனத்தைக் கோருகின்றன. இவற்றில் பணத்தை இழப்பவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவர்கள் அல்லர். ஏதேனும் ஒரு சோதனையைச் செய்து பார்த்து, அந்தச் சோதனை சொல்லாததையும் சொன்னதாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

காந்தத்தை நம்புவது முதல் தவறு. தங்கமும் வெள்ளியும் காந்தத்தில் ஒட்டுவதில்லை என்பது உண்மைதான், ஆனால் செம்பு, பித்தளை, ஈயம் ஆகியவையும் ஒட்டுவதில்லை என்பதால், ஒட்டாத காசு நல்ல காசு என்று முடிவுகட்ட வழியில்லை. ஒட்டுகிற காசெல்லாம் போலி என்பதும் சரியன்று: 1947ஆம் ஆண்டிட்ட, பிரிட்டிஷ் அரசர் ஆறாம் ஜார்ஜின் ஒரு ரூபாய் நிக்கலால் அச்சிடப்பட்டது, காந்தத்தில் நன்றாகவே ஒட்டும். அது அசல் நாணயம். ஆனால் வெள்ளி நாணயம் அன்று. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் ஏறத்தாழ 91.7 சதவீதம் வெள்ளி இருக்க, 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் பாதிதான் வெள்ளி. ஆண்டைப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே விலை கொடுப்பவர், போலி எதுவும் கலக்காமலேயே நட்டப்படுகிறார்.

எடையை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. பிரிட்டிஷ் பவுன் ஒன்றின் எடை 7.988 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர், தரம் 22 காரட். இதே அளவில் பித்தளைக் காசு செய்தால் அது நான்கு கிராமைக்கூட எட்டாது; எடையைச் சரிக்கட்ட முயன்றால் காசு தடித்துவிடும். ஆகவே தராசும், விட்டமும் தடிமனும் அளக்கும் வெர்னியர் அளவியும் ஒன்றாகச் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

இதற்கு மேல் உறுதி வேண்டுமானால், 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசும் ஒரு தம்ளர் தண்ணீரும் போதும். தண்ணீர்த் தம்ளரைத் தராசில் வைத்துச் சுழியாக்கிவிட்டு, மெல்லிய நூலில் கட்டிய காசை அடியையும் ஓரத்தையும் தொடாமல் முழுவதும் மூழ்கும்படி பிடித்தால், தராசு காட்டும் எண்ணே கன சென்டிமீட்டரில் காசின் கன அளவு. நல்ல பவுனுக்கு அது 0.45 அளவில் நிற்கும். அதே எடையுள்ள பித்தளைக்கு 0.9ஐத் தாண்டிவிடும். பத்து கிராம் சுத்த வெள்ளிக்கு 0.95 வர வேண்டும். பெயரில் மட்டும் வெள்ளியுள்ள ஜெர்மன் சில்வரோ செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையாதலால் 1.15ஐ ஒட்டிக் காட்டும். காசின் மேல் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்குத் தவறும் என்பதால், இறக்கியவுடன் ஒருமுறை மெல்ல அசைத்துக்கொள்வது நல்லது.

இந்தச் சோதனையும் தங்க முலாமிட்ட டங்ஸ்டன் உலோகத்திடம் தோற்றுவிடும், ஏனெனில் அதன் அடர்த்தி 19.25, சுத்தத் தங்கத்தின் அடர்த்தி 19.3. தங்கத்தின் தரத்தை அளக்கக் கடையில் உள்ள காரட் மீட்டர் இங்கே கைகொடுக்கும் என்று நினைப்பதும் பிழையே. அந்தக் கருவி மேற்பரப்பின் மிக மெல்லிய அடுக்கை மட்டுமே படிக்கிறது; முலாம் போதிய தடிமனாக இருந்தால் உள்ளே இருப்பது அதற்குத் தெரியாது. சிறிய காசுகளில் இந்த மோசடியைச் செய்வது கடினம், பெரிய கட்டிகளில்தான் இந்த அச்சம் நியாயமானது.

ஹால்மார்க் முத்திரையைக் கண்டதும் நிறைவடைந்துவிடுவதும் கூடாது. முத்திரையுடன் உள்ள, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீட்டை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டு, அது எந்தப் பொருளுக்கு, என்ன தரத்துக்கு வழங்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். கையில் காசும் திரையில் மோதிரமும் இருந்தால் விஷயம் தெளிவு.

பழங்காசுகளில் உலோகம் சரியாக இருந்தும் காசு போலியாக இருக்கலாம். 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அரசரின் அங்கியிலிருந்த யானை, பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்ததால் மறு ஆண்டே உருவம் திருத்தப்பட்டது. அதனால் அந்த ஆண்டுக் காசுக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு, போலி செய்பவருக்கும் அதுவே தூண்டுதல். உருப்பெருக்கியில் பார்த்தால், அச்சில் அடித்த காசின் எழுத்துகள் விளிம்பு கூர்ந்து நிற்கும். வார்த்த காசில் எழுத்துகள் மழுங்கி, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தென்படும், சில காசுகளின் விளிம்பில் இரு பாதிகள் சேர்ந்த கோடும் இருக்கும். அசலை ஒருமுறையேனும் கூர்ந்து பார்த்திராத கண்ணுக்கு இவை பிடிபடுவது கடினம். சந்தேகம் தீர்க்கிறேன் என்று உரைகல்லில் தேய்ப்பதும் அமிலம் வைப்பதும், பளபளக்கட்டும் என்று புளி போட்டு விளக்குவதும் அசல் காசின் சேகரிப்பு மதிப்பைக் கெடுத்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, விற்பவர் நீட்டும் காசை மட்டும் சோதிப்பது. அஸ்திவாரம் தோண்டும்போது புதையல் கிடைத்தது, வெளியே சொல்ல முடியாது, பாதி விலைக்குத் தருகிறோம் என்று வருபவர்கள் முதலில் தருவது அசல் தங்கமாகவே இருக்கும். அதை எந்தக் கடையில் வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளுங்கள் என்பார்கள். அந்தச் சோதனை பையில் உள்ள மற்ற காசுகளைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. வாங்குபவர் தாமே பையில் கைவிட்டு எடுத்த நான்கைந்து காசுகளைச் சோதிக்க விற்பவர்கள் மறுத்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கதை உண்மையாகவே இருந்தாலும், 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். அதை மறைத்து விற்பவரிடம் வாங்கினால், காசு அசலாக இருந்தாலும் வழக்கு வாங்குபவரையும் தேடி வரக்கூடும்.