சிறுநீரக நோயாளிக்கு மாரடைப்பு: வீட்டிலும் மருத்துவமனையிலும் கவனிக்க வேண்டியவை

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால்தான் மாரடைப்பு என்று காத்திருக்காதீர்கள். சிறுநீரகம் பழுதுபட்ட பலருக்கு அது மூச்சிரைப்பாகவே வரும். கூடவே குளிர்ந்த வியர்வை, குமட்டல், திடீர் அசதி. டயாலிசிஸுக்கு இரண்டு நாள் இடைவெளி விழுந்திருந்தால், "தண்ணி ஏறிடுச்சு, நாளைக்கு எடுத்தா சரியாயிடும்" என்பார்கள். அந்த இரவைக் கடத்தவே கூடாது. கேஸ் என்று சோடா, தோள்வலி என்று டைக்ளோஃபெனாக், இரண்டும் வேண்டாம். டைக்ளோஃபெனாக் மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

உடனே 108, இலங்கையில் 1990. ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லையா என்று பார்த்து, அழைப்பில் இருப்பவர் சொன்னால் 300 மி.கி. மென்று விழுங்கலாம்.

அவசரப் பிரிவில் முதலில் சொல்ல வேண்டியது: சிறுநீரக நோய், கடைசி கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு, கடைசியாக டயாலிசிஸ் நடந்த நாள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ள கையில் ஊசியோ பிரஷர் பட்டையோ கூடாது. டயாலிசிஸ் இன்னும் தொடங்காதவர் என்றால், மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ (சாயம் செலுத்தி இதய ரத்தக்குழாயைப் பார்ப்பது) செய்யும் முன் அதையும் சொல்லுங்கள். பின்னாளில் ஃபிஸ்டுலாவுக்கு அந்தத் தமனி தேவைப்படும்.

10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். ட்ரோபோனின் (இதயத்தசை பாதித்தால் ரத்தத்தில் ஏறும் புரதம்) இவர்களுக்கு எப்போதுமே கூடுதலாக இருக்கலாம் என்பதால் ஒரு முடிவை மட்டும் வைத்து ஆம், இல்லை என்று சொல்ல முடியாது. சுமார் 3 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து, ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். "கிட்னி பேஷன்ட்டுக்கு இப்படித்தான் இருக்கும்" என்றால் இரண்டாவது பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

"சாயம் போட்டா கிட்னி போயிடும்" என்ற பயத்தால்தான் பலருக்கு ஆஞ்சியோ தள்ளிப்போகிறது. ரத்தக்குழாய் முழுதாக அடைத்த மாரடைப்பில் கிரியாட்டினின் முடிவுக்காகக்கூடக் காத்திருக்கக் கூடாது. சாயத்தைக் குறைத்து, உடல் தாங்கும் அளவுக்கு சலைன் ஏற்றி, 48 முதல் 72 மணி நேரத்தில் கிரியாட்டினினைப் பார்த்தால் போதும். சாயத்தை வெளியேற்றுவதற்கென்றே அவசர டயாலிசிஸ் தேவையில்லை.

தவறு அதிகம் நேர்வது மருந்தளவில்தான். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியான எனாக்ஸாபாரின் வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வேகம்) நிமிடத்துக்கு 30 மி.லி.க்குக் கீழே இருந்தால் அதே அளவு 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான். மீறினால் ரத்தம் கசியும். டயாலிசிஸ் நோயாளிக்கு அதே வேலையைச் செய்யும் சாதாரண ஹெப்பாரினே பொருத்தம். ரத்தக்கட்டி உருவாகாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரையைக் குறைக்க வேண்டியதில்லை.

வீடு திரும்பியபின் பொட்டாசியம் கலந்த "லோ சோடியம்" உப்பு வேண்டாம். டயாலிசிஸ் ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்க நேரமானால், ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்க ரத்தக்குழாயில் பொருத்தும் வலைக்குழாய்) வைத்தவருக்குத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துவிடலாம். டயாலிசிஸின்போது கொடுக்கும் ஹெப்பாரினைக் குறைக்க முடியுமா என்று யூனிட்டில் கேளுங்கள்.